கிரஷர்காரரின் தாடைத் தகடு

லொறியின் பின்கதவைத் தட்டித் திறந்த சத்தம் கேட்டது. அதை அடுத்து நிலம் ஒருமுறை அதிர்ந்தது. என் மேசையில் இருந்த தேநீர்க் கோப்பை தட்டுக்குள் நடுங்கி நின்றது. சோதனை அறையிலிருந்து வெளியே வந்து பார்த்தபோது, உருக்கு வார்க்கும் எங்கள் வார்ப்பாலை முற்றத்துச் சேற்றில் தேய்ந்துபோன தாடைத் தகடு ஒன்று சரிந்து கிடந்தது. அதன் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு, வெள்ளைச் சேட்டும் சேறு படிந்த சப்பாத்துமாக ஒரு மனிதர் நின்றார். "இத வார்த்தவன் எவன்?" என்று கேட்டார். சோதித்துப் பார்த்து அனுப்பியவள் நான் என்று சொன்னேன். அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். ஒருவரும் வரவில்லை என்று தெரிந்ததும், "பொம்பளப் புள்ளையா?" என்றார். அவர் என்னைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அது. இத்தனை வருடத்தில் அதைவிட மரியாதையாக அவர் என்னைக் குறிப்பிட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

பழைய நாட்களை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தமக்கு நன்மை செய்தவர்களையே எழுதுகிறார்கள். எனக்கும் அப்படிச் சிலர் உண்டு. ஆனால் இரவில் படுக்கையில் புரளும்போது மனம் அவர்களிடம் போவதில்லை. நேராக இந்த மனிதரிடம்தான் போகிறது. அவர் சொன்னதற்கு அன்று சொல்லத் தவறிய பதில்கள் இன்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. வார்ப்பாலையில் எல்லோரும் அவரைக் கிரஷர்காரர் என்றுதான் சொல்வோம். கண்டிக்குக் கிழக்கே, ஆற்றைத் தாண்டிய மலைச்சரிவில் அவருக்கு ஒரு கல்குவாரியும், கல் நொறுக்கும் கிரஷர் இயந்திரமும் இருந்தன. இப்போதும் இருக்கின்றன. அவரும் இருக்கிறார். இதை யாராவது அவருக்கு வாசித்துக் காட்டினால் காட்டட்டும்.

கிரஷரைப் பக்கத்தில் நின்று பார்க்காதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அதன் வாய் இரண்டு இரும்புத் தாடைகளால் ஆனது. ஒன்று அசையாமல் நிற்கும். மற்றது முன்னும் பின்னும் அசைந்து, நடுவில் விழும் பாறைத் துண்டை நசுக்கும். அந்தத் தாடைகளின் மேல் பல்வரிசை போல மேடும் பள்ளமுமாகப் பூட்டப்படுவதுதான் தாடைத் தகடு. கல்லோடு மோதுவதும் அதுதான், தேய்வதும் அதுதான். சாதாரண உருக்கில் செய்தால் சீக்கிரமே மழுங்கிவிடும் என்பதால், நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு அளவில் மங்கனீஸ் கலந்த உருக்கில் அதை வார்ப்பார்கள். இந்த உருக்கின் குணம் கொல்லருக்குத் தெரிந்த இரும்பின் குணத்துக்கு நேர்மாறு. பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் கத்தி இறுகும். மங்கனீஸ் உருக்கைப் பழுக்கக் காய்ச்சி உடனே தண்ணீரில் இறக்கினால் அது மென்மையாகும். அடித்தால் வளையுமே தவிர உடையாது. பிறகு பெரிய கற்கள் வந்து மோத மோத அதன் மேல்தோல் மட்டும் இறுகிக்கொண்டே போகும். உள்ளே இருக்கும் மென்மை அடியைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் மோதல் பலமாக இருக்க வேண்டும். மண்ணும் மணலும் சின்னக் கல்லும் உரசிக்கொண்டு போனால் இறுகுவதற்கு வேண்டிய அடியே அதன்மேல் விழாது. அரத்தால் ராவியதுபோலத் தகடு தேய்ந்து போகும்.

அன்று முற்றத்தில் கிரஷர்காரருக்கு நான் இதைத்தான் சொல்லப் பார்த்தேன். அவர் காற்சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன அரத்தை எடுத்தார். தேயாத ஓரத்தில் அதை வைத்து இழுத்தார். பளபளவென்று ஒரு கீறல் விழுந்தது.

"பாருங்க எல்லாரும். வெண்ணெ மாதிரி இழுக்குது. எங்கப்பா கத்தி அடிச்சவரு. இரும்பு எப்ப இறுகும், எப்ப இறுகாதுன்னு நாங்க பால் குடிக்கிறப்பவே பாத்தவங்க. தண்ணியில போட்டா மெதுவாகுமாம்! இந்தப் புள்ள சொல்லுது!"

சுற்றி நின்ற எங்கள் ஆட்களே சிரித்துவிட்டார்கள். உலையில் என்னோடு வேலை செய்கிறவர்களுக்கு நான் சொன்னது சரி என்று தெரியும். இருந்தும் சிரித்தார்கள். சத்தமாகப் பேசுகிற மனிதர் பக்கம் சாய்வது ஆட்களுக்கு எவ்வளவு சுலபம் என்று அன்று பார்த்தேன். எங்கள் முதலாளி தன் கந்தோர் அறைக்குள்ளிருந்து வந்து, சமாதானமாக அவரைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனார். போகிற போக்கில் கிரஷர்காரர் திரும்பி, "நீ எந்தத் தோட்டம்?" என்று என்னிடம் கேட்டார். கெலிஓயாவுக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். "அதானே" என்றார்.

அந்த ஒரு சொல்லை நான் மன்னிக்கவில்லை. என் அம்மா கொழுந்து பறித்தவர், அப்பா தொழிற்சாலையில் கொழுந்து வாட்டியவர். நான் கண்டியில் தொழில்நுட்பப் படிப்பு முடித்து, உலோகம் சோதிக்கும் வேலைக்கு வந்தவள். இதில் எனக்கு வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அவர் யார்? அவருடைய அப்பாவும் ஒரு தோட்டத்தில்தான் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி அடித்துக் கொடுத்தார் என்று பிறகு தெரிந்தது. அவர் பிறந்ததும் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அறையில்தான். அதை மறைக்கத்தான் அவர் எங்களைப் போன்றவர்களைக் கண்டதும் முதலில் 'எந்தத் தோட்டம்' என்று கேட்டுவிடுவார். தன்னிடம் யாரும் அதைக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக.

அவருடைய தகடுகள் ஏன் சீக்கிரம் தேய்கின்றன என்று பார்த்து வரும்படி முதலாளி என்னைக் குவாரிக்கு அனுப்பினார். பஸ்ஸில் இறங்கி ஏற்றத்தில் நடந்து போய்ச் சேர்ந்தபோது இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பார்த்த உடனேயே காரணம் தெரிந்துவிட்டது. பாறையின் மேல் இருந்த மண்ணைக் கழிக்காமலே வெடி வைத்திருந்தார்கள். உதிர்ந்துபோன கல்லும் வெங்கச்சங்கல் பொடியும் ஈர மண்ணும் ஒன்றாகத் தாடைக்குள் போய்க்கொண்டிருந்தன. பெரிய கல் எப்போதாவது ஒன்று விழுந்தது. வாய் பாதிகூட நிறையவில்லை. தகடு கல்லை நொறுக்கவில்லை, மணலை மென்றுகொண்டிருந்தது. கல் கொட்டும் இடத்தில், சிக்கும் கல்லைத் தள்ளிவிடும் கம்பியோடு நின்றுகொண்டிருந்தவர் கிரஷர்காரரின் மனைவியின் தம்பி. மெலிந்த, அதிகம் பேசாத மனிதர். காதில் பஞ்சு வைத்திருந்தார். கண்ணுக்குக் காப்பாக ஒன்றும் இல்லை.

நான் கிரஷர்காரரிடம் சொன்னேன். மண்ணைச் சலித்து ஒதுக்குங்கள், பெரிய கல்லாகப் போடுங்கள், வாயை நிரப்பி ஓட்டுங்கள், அப்போதுதான் தகடு இறுகும் என்றேன். ஆட்கள் கேட்கும்படி சொல்லிவிட்டேன். இயந்திரச் சத்தத்தில் மெதுவாகச் சொல்ல வழியில்லை. அவருடைய முகம் மாறியது. இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, எல்லோருக்கும் தெளிவாகக் கேட்கும்படி சொன்னார்:

"கொழுந்து கிள்ளுன கை எனக்குக் கல்லுடைக்கச் சொல்லிக் குடுக்க வந்திருக்கு. சாமான் பிழைன்னு ஒத்துக்க முடியாம என் கல்லுல பிழை சொல்லுது. மண்ணு இல்லாத மல எங்கடி இருக்கு?"

"டி போட்டுப் பேசாதீங்க" என்றேன். குரல் நடுங்கியது. கோபத்தில் நடுங்கியதை அவர் பயம் என்று எடுத்துக்கொண்டார். சிரித்துக்கொண்டு இயந்திரத்தைப் போடச் சொன்னார். நான் திரும்பி இறங்கி வந்தேன். கண்டி பஸ் நிலையத்தில் கெலிஓயா பஸ்ஸுக்காக நின்றபோது தலைமுடியெல்லாம் கல்தூள் படிந்திருந்தது. கைக்குட்டையால் துடைக்கத் துடைக்க முகம் எரிந்தது. அவர் நாசமாகப் போக வேண்டும் என்று மனதுக்குள் சொன்னேன். வார்த்தையைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அப்படித்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் இருந்தது சண்டை என்றுகூடச் சொல்ல முடியாது. சண்டை என்றால் ஒரு நாள் முடியும். அவர் வாரம் தவறாமல் எங்கள் முதலாளிக்குத் தொலைபேசி எடுத்து என்னை மாற்றச் சொல்வார். நானும் சளைத்தவள் இல்லை. அவருடைய தகடு வந்தால் மற்ற எல்லோருடையதையும் சோதித்த பிறகே அதைத் தொடுவேன். அவருடைய குவாரிப் பாதை மழையில் அறுந்துவிட்டது என்று கேள்விப்பட்டபோது அன்று மத்தியானச் சோறு எனக்கு ருசியாக இருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தேய்த்துக்கொண்டே இருந்தோம்.

இதில் எனக்கு மிகவும் எரிச்சல் தந்தது வேறொன்று. நான் சொன்ன உண்மையை என் முகத்துக்கு நேரே பொய் என்றவர், கொஞ்சக் காலத்தில் அதையே தன்னுடையதாக்கிக்கொண்டார். எங்கள் லொறிச் சாரதி ஒரு நாள் வந்து சொன்னார். கம்பியோடு நிற்கும் அந்த மச்சினன் வேலையில் ஏதோ தவறு செய்தாராம். ஆட்களுக்கு முன்னால் அவருடைய பிடரியில் ஓங்கித் தட்டிவிட்டு கிரஷர்காரர் சொன்னாராம்: "மனுசனும் மங்கனீசு மாதிரித்தான்டா. அடி வாங்க வாங்கத்தான் இறுகுவான்." சாரதி அதைப் பெரிய தத்துவம் போலச் சொல்லிச் சிரித்தார். அந்த மச்சினன் இறுகிப்போனதாக எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் தோள் இன்னும் கொஞ்சம் கூனியிருந்தது. அவ்வளவுதான்.

என் தங்கையின் கலியாணத்துக்காக நான் லீவில் நின்ற நாட்களில் கிரஷர்காரருக்கு ஒரு சோடித் தகடு அவசரமாகத் தேவைப்பட்டது. பிறகுதான் எனக்கு நடந்தது தெரியவந்தது. தகட்டை உலையிலிருந்து பழுக்க எடுத்துத் தண்ணீர்த் தொட்டிக்குக் கொண்டுபோகும்போது தூக்கும் சங்கிலி இறுகிப்போயிற்று. செம்மஞ்சளாக ஒளிர்ந்த தகடு தொட்டிக்கு மேலே அந்தரத்தில் தொங்கியது. ஆட்கள் சங்கிலியை விடுவிப்பதற்குள் அதன் நிறம் மங்கி, இருண்ட சிவப்புக்கு வந்துவிட்டது. அதன் பிறகு தண்ணீரில் இறக்கி என்ன பயன்? காற்றில் ஆறுகிற நேரத்தில் அந்த உருக்கின் உள்ளே இருக்கும் நுண்ணிய மணிகளுக்கு நடுவே கண்ணாடி போல நொறுங்கும் ஒரு பொருள் படர்ந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. அதே நிறம், அதே எடை. அதை மறுபடி உலையில் வைத்து முதலிலிருந்து செய்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தார். முதலாளி சோதிக்காமலே ஏற்றி அனுப்பிவிட்டார்.

தகடு பூட்டிய சில நாட்களிலேயே, பெரிய கல் ஒன்று விழுந்த வேகத்தில் உடைந்தது. பல்வரிசையிலிருந்து தெறித்த துண்டு ஒன்று மச்சினனின் வலது கண்ணில் பாய்ந்தது. கண்டி ஆஸ்பத்திரியில் கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

நான் வேலைக்குத் திரும்பிய காலையில், உடைந்த தகடு லொறியில் வந்து இறங்கியது. இந்த முறை கிரஷர்காரர் அதைத் தள்ளிவிடவில்லை. நான்கு பேர் மெதுவாக இறக்கினார்கள். ஒரு துண்டின் முறிவைத் திருப்பிப் பார்த்தேன். நல்ல மங்கனீஸ் உருக்கு உடையாது. பலவந்தமாக உடைத்தாலும் நார்நாராகக் கிழியும். இதுவோ சீனிக் கற்கண்டைப் போல மினுமினுத்தது. உலையில் நிற்பவரைப் போய்க் கேட்டேன். அவர் முதலில் நிலத்தைப் பார்த்தார். பிறகு சங்கிலிக் கதையைச் சொன்னார். "நான் சொல்லிட்டேன்னு சொல்லிறாதீங்க தங்கச்சி. எனக்கும் புள்ளகுட்டி இருக்கு" என்றார்.

விபத்தை விசாரிக்க ஓர் அதிகாரி வரவிருந்தார். அதற்கு முதல்நாள் முதலாளி என்னைக் கந்தோருக்குக் கூப்பிட்டு, கதிரையில் உட்காரச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. சம்பளத்தை ஒரு நாளும் பிந்திக் கொடுத்தவர் இல்லை. தமிழும் சிங்களமும் கலந்து மென்மையாகப் பேசுவார்; என்னைத் தங்கை என்ற பொருளில் 'நங்கி' என்பார். "நங்கி, அந்த மச்சினன் வாயில சிக்கின கல்லை எடுக்கச் சம்மட்டியால தகட்டில அடிச்சிருக்கிறான். அதனாலதான் உடைஞ்சது. நீங்க அப்படிச் சொன்னாப் போதும். அந்த மனுசன் உங்களுக்குச் செஞ்சதெல்லாம் எனக்குத் தெரியும். அவனுக்காக நீங்க யோசிக்க வேணாம்" என்றார்.

அவர் சொன்னதில் இருந்த கவர்ச்சியை நான் மறைக்க மாட்டேன். ஒரு சொல் போதும். குவாரி மூடப்படும், கிரஷர்காரர் அலைவார், நான் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குவேன். இத்தனை நாள் நான் வேண்டிக்கொண்டது கையில் வந்து நின்றது. ஆனால் அந்தச் சொல் முதலில் விழப்போவது கிரஷர்காரர் மேல் இல்லை. ஒற்றைக் கண்ணில் கட்டோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிற மனிதர் மேல். கண்ணையும் இழந்து, அதற்குக் காரணமும் நீயே என்ற பெயரையும் அவர் சுமக்க வேண்டும். சம்மட்டியால் அடித்தாரா என்றுகூட யாருக்கும் தெரியாது. அடித்திருந்தாலும் என்ன? சம்மட்டி அடிக்கு உடைகிற தகடு தாடையில் இருக்கத் தகுதியில்லாதது. அடிவாங்கத்தான் அதைச் செய்கிறோம்.

அதிகாரி வந்த அன்று எல்லோரும் முற்றத்தில் நின்றோம். கிரஷர்காரர் ஒரு பக்கம், எங்கள் முதலாளி ஒரு பக்கம். அதிகாரி என்னைக் கேட்டார். முன்பு நல்லபடியாகச் செய்து, தேய்ந்து திரும்பிய ஒரு தகட்டிலிருந்து வெட்டிய துண்டைக் கல்லின் மேல் வைத்துச் சம்மட்டியால் அடிக்கச் சொன்னேன். அது நெளிந்தது. இன்னொரு முறை அடித்தார்கள். இன்னும் நெளிந்தது. பிறகு உடைந்த தகட்டிலிருந்து அதே தடிப்பில் ஒரு துண்டை வைத்தேன். ஒரே அடியில் இரண்டாகிச் சிதறியது. அதிகாரி பின்னால் விலகினார். "இது தண்ணீருக்குப் போக முன்னமே ஆறிப்போன தகடு. இதை நாங்கள் வெளியே அனுப்பியிருக்கக் கூடாது" என்று சொன்னேன். உலைக்காரரின் பெயரைச் சொல்லவில்லை. என் முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. ஏமாந்துபோன முகம் அது. அதைப் பார்க்க முடியாமல் திரும்பினேன். திரும்பிய பக்கத்தில் கிரஷர்காரர் நின்றார். நன்றியை நான் எதிர்பார்க்கவில்லை. குறைந்தபட்சம் வாயை மூடிக்கொண்டாவது இருப்பார் என்று நினைத்தேன்.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல, இவங்க சாமான் பிழைன்னு? அப்ப இந்தப் புள்ள என்னா சொல்லுச்சு? என் மண்ணுல பிழைன்னுச்சு!" என்றார் அதிகாரியைப் பார்த்து.

அவருடைய மண்ணும் பிழைதான். அவருடைய மச்சினன் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் அந்த இடத்தில் நின்றதும் பிழைதான். அதையும் அங்கேயே சொன்னேன். அதிகாரி எழுதிக்கொண்டார். கிரஷர்காரர் என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார். ஆக, ஒரே காலையில் இரண்டு முதலாளிகளும் எனக்குப் பகையானார்கள்.

வார்ப்பாலையில் என்னை வெளியே போகச் சொல்லவில்லை. என் அறைக்கு ஒரு வேலையும் வராமல் நின்றது. யாரும் தேநீருக்குக் கூப்பிடவில்லை. நானே விலகல் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பிலிமத்தலாவையில் ஒரு பெரிய வேலைத்தளத்தில் எனக்கு இடம் இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். போனபோது அங்கிருந்தவர் கதிரையைக்கூடக் காட்டவில்லை. கிரஷர்காரரிடம் விசாரித்தாராம். "சொந்த முதலாளியக் காட்டிக் குடுத்தவ. வேலைக்கு வச்சீங்கன்னா உங்களையும் காட்டிக் குடுப்பா" என்று சொல்லியிருக்கிறார். யாருக்கு எதிராக அந்த முற்றத்தில் நான் உண்மையைச் சொன்னேனோ அந்தப் பழைய முதலாளி யாரிடமும் என்னைக் குறை சொல்லவில்லை. யாருக்குச் சாதகமாக அந்த உண்மை முடிந்ததோ அவர் ஊர் ஊராக என் பெயரைக் கெடுத்தார். வேறு இரண்டு இடங்களிலும் இதே கதைதான். அந்த மாதங்களில் அம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சோற்றை மட்டும் கொஞ்சம் கூடப் போட்டார்.

மச்சினனின் மனைவி ஒரு நாள் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். கையில் வாழைக்குலை ஒன்று. தன் கணவர் மேல் பழி வரவில்லை என்றும், இனி அந்தக் குவாரிக்கு அவர் போகப்போவதில்லை என்றும், கண்டியில் ஒரு கடையில் சேர்ந்துவிட்டார் என்றும் சொன்னார். "இவரோட அத்தான், அந்தக் கிரஷர்காரரு, வந்து கத்துனாரு. இவரு வாசல்லயே நிக்க வச்சு, வர மாட்டேன்னு சொல்லிட்டாரு அக்கா. அவரு முகத்தப் பாத்து இவரு பேசுனது அதான் மொத தடவ" என்றார். அன்று இரவு நான் நன்றாகத் தூங்கினேன்.

வேலை கிடைத்தது எதிர்பாராத இடத்தில். மடவளையில் இயந்திர உதிரிப்பாகங்கள் இறக்குமதி செய்து விற்கும் ஒரு ஹாஜியார் ஆளனுப்பி என்னைக் கூப்பிட்டார். கடைக்குள் போனதும் வாங்குப் பலகையில் உட்கார வைத்து, பால் கலக்காத பிளேன்டீ கொடுத்து, நேராகவே கேட்டார்.

"நீங்கதானா மகள் அந்தக் காட்டிக் குடுத்த ஆள்?"

எழுந்துவிட்டேன். அவர் பதறிப்போய்க் கையை நீட்டினார்.

"இரிங்க, இரிங்க. அந்தக் கிரஷர்கார மனுசன் இங்க வந்து ஒங்களப் பத்திச் செல்லித்தான் எனக்குத் தெரியும். வெளிநாட்டுலேந்து எனக்குச் சாமான் வருது. எது நல்லம், எது பொய் எண்டு எனக்கு வெளங்குறல்ல. எனக்குக் காட்டிக் குடுக்குற ஆள்தான் வேணும்."

அப்படித்தான் கிரஷர்காரரின் வசவே எனக்கு வேலை வாங்கித் தந்தது. அதற்காக நான் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று என் தங்கை கேலி செய்வாள். நான் சிரிப்பதில்லை. ஒருவர் நம்மேல் எறிந்த கல் தவறிப்போய் மாங்காயில் பட்டு விழுந்தால், எறிந்தவருக்கு நன்றி சொல்வார்களா?

ஹாஜியாரின் கடைக்கு நான் வந்து இப்போது வருடங்களாகிவிட்டன. வரும் தகடுகளில் ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு சிறு துண்டு வெட்டிச் சோதிப்பேன். தேறாததைப் பின்கட்டில் தனியே அடுக்கித் திருப்பி அனுப்புவோம். இந்த வருடம் மழை விட்ட பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, ஹாஜியாரும் கடை ஆட்களும் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்த நேரம், வாசலில் ஒரு வாகனம் வந்து நின்றது. கிரஷர்காரர் இறங்கினார். தலை முழுதும் நரைத்திருந்தது. நடையில் ஒரு இழுப்பு. என்னைக் கண்டதும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். பிறகு நான் அங்கே இல்லாதது போல உள்ளே வந்தார்.

முன்னால் அடுக்கியிருந்த தகடுகளைத் தடவிப் பார்த்தார். திருப்தியில்லை. நேராகப் பின்கட்டுக்குப் போனார். திருப்பி அனுப்ப ஒதுக்கி வைத்திருந்த சோடியைக் கண்டார். அவருடைய புத்தி எனக்குத் தெரியும். ஒதுக்கி வைத்தது என்றால் ஒளித்து வைத்தது. ஒளித்து வைத்தது என்றால் நல்லது.

"இது யாருக்கு எடுத்து வச்சிருக்கு?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். "இதத்தான் எனக்கு ஏத்தணும்."

அது தேறாத சோடி என்று சொல்லாமல் இருக்கவும் முடியும் என்ற எண்ணம் வந்தது. வந்து, கொஞ்ச நேரம் நின்றது. அவர் வாயாலேயே கேட்கிறார். ஏற்றி அனுப்பினால் நானா குற்றவாளி? ஆனால் கல் கொட்டும் இடத்தில் இப்போது யாரோ ஒருவர் கம்பியோடு நிற்பார். அவர் முகம் எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

"அது உடையும். விக்க மாட்டோம்" என்றேன்.

"உன்னயக் கேட்டேனா? ஹாஜியார் வரட்டும்."

"வந்தாலும் விக்க மாட்டோம். முன்னாடி இருக்கறதுல வலது பக்கத்து அடுக்கு நல்லது. வேணும்னா அத எடுங்க. வேணாம்னா போங்க."

"இன்னும் திமிரு குறையலயே ஒனக்கு!"

"உங்களுக்கும்தான்."

அவர் கையை ஓங்கினார். அடிக்க அல்ல, அதற்கு அவருக்கு இப்போது தெம்பு இல்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொள்ளத்தான் அந்தக் கை உயர்ந்திருக்கிறது. படி இறங்க அவருக்குச் சிரமமாக இருந்தது. நான் போய்ப் பிடிக்கவில்லை. வாகனத்தில் ஏறும்வரை தோட்டத்துப் புத்தி, வாய்க்கொழுப்பு என்று ஏதேதோ சொல்லிக்கொண்டே போனார். கடைக்கு எதிரே பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்றும் வாங்காமலே போய்விட்டார். பள்ளிவாசலிலிருந்து திரும்பிய ஹாஜியாரிடம் வாடிக்கையாளர் ஒருவரை விரட்டிவிட்டேன் என்று சொன்னேன். யார் என்று கேட்டார். சொன்னதும், "அல்ஹம்துலில்லாஹ்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

மறுநாள் காலையில் கிரஷர்காரரின் லொறி வந்தது. அவர் வரவில்லை. சாரதி மட்டும்தான். எந்தத் தகடு வேண்டும் என்று ஹாஜியார் கேட்டார். சாரதி தலையைச் சொறிந்துகொண்டு என் பக்கம் பார்த்தான்.

"அந்தப் புள்ள எத எடுத்துக் குடுக்குதோ அத ஏத்திக்கிட்டு வான்னு முதலாளி சொன்னாரு" என்றான். பிறகு தயங்கித் தயங்கி, "பேச்சுக் குடுக்க வேணாம்னும் சொன்னாரு" என்றான்.

வலது பக்கத்து அடுக்கிலிருந்து ஒரு சோடியைப் பிரித்து, சங்கிலி போட்டுத் தூக்கி லொறியில் வைக்கச் சொன்னேன். சாரதி கயிற்றை இழுத்துக் கட்டினான். நானும் பேச்சுக் கொடுக்கவில்லை.